பச்சோந்தியின் தாகம்

பச்சோந்தி அன்னமும் ஜலமும் வேண்டாது காற்றையே புசித்து ஜீவிக்கும் பிராணி என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரி அறிஞர் பிளினி எழுதிவைத்த வார்த்தை, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுக் காலம் பிரமாணமாக நிலவிற்று. 1646-இல் ஆங்கில வைத்தியர் தாமஸ் பிரௌன் அக்கொள்கையை வன்மையாக ஐயுற்று எழுதினார். 1669-இல் பாரிஸில் குளோத் பெரோ அப்பிராணியின் அங்க அமைப்பை அறுத்தாராய்ந்து வெளியிட்டார். பின்னர் அந்நகரத்து எழுத்தாளர் மாதலேன் த ஸ்கூதேரி அம்மையார், எகிப்திலிருந்து வந்த இரு பச்சோந்திகளை இல்லத்தில் வளர்த்து, அவற்றின் சரித்திரத்தை 1688-இல் நூலில் சேர்த்தார்.

பிளினியின் கூற்று இத்தனை காலம் நிலைத்ததற்குப் பிராணியின் சுபாவமும் ஒரு காரணமாயிருக்கலாம். கிண்ணத்தில் அசையாது நிற்கும் நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் நீரென்றே அறிவதில்லை. இலை நுனியில் திரண்டு ஒளிரும் பனித்துளியையோ மழைத்துளியையோ கண்டால் மட்டும், மெல்ல அணுகி நாவால் தடவிப் பருகும். ஆகவே நிறைந்த கிண்ணத்தருகிலேயே கண் குழிந்து அது வாடுவதுண்டு. அக்கிண்ணமோ எச்சமும் செத்த பூச்சியும் விழுந்து கிருமிகளுக்கு இருப்பிடமாகும்.

இதனை உணர்ந்த பிற்காலத்து வளர்ப்போர் கிண்ணத்தை அகற்றி, இலைமேல் சொட்டும் பாத்திரத்தையும் நுண்துளி தூவும் தெளிப்பானையும் கைக்கொண்டனர். அப்பாத்திரத்தை நாள்தோறும் கழுவிப் புதுநீர் நிரப்புதல், வாய்திறந்து கேட்க இயலாத ஜீவனுக்கு வளர்ப்பவன் செய்யவேண்டிய முதற்கடமை.