லூனாஸ் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்

மலேசியாவின் கெடா மாநிலம் கூலிம் மாவட்டத்தில் உள்ள லூனாஸ், பாடாங் செராய் சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டங்களில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பால்மரம் வெட்டிப் பிழைத்த தமிழரை இக்கட்டுரை குறிக்கிறது. இன்று அப்பகுதியில் வாழும் தமிழர் பலரின் பாட்டன், பாட்டிமார் இவர்களே. இவர்களுக்கு வேலை, வீடு, பள்ளி, மருந்து, கள் எல்லாமே தோட்டத்திலிருந்து வந்தன. அதனால் வேலை போனால் எல்லாமே போயிற்று.

வருகை

1909இல் கெடா சயாமிடமிருந்து பிரிட்டிஷாரின் ஆதிக்கத்துக்கு மாறியது. அப்போது உலகச் சந்தையில் ரப்பர் விலையும் ஏறிக்கொண்டிருந்தது. எல்லைக்கு அப்பால் வெல்லெஸ்லி மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களில் தமிழர் முன்பே இருந்தனர். புதிய ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் கங்காணிகள். ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சைப் பகுதிகளில் தங்கள் ஊர்க்காரரையும் உறவினரையும் பிடித்து, ஆவடி அல்லது நாகப்பட்டினம் முகாம் வழியாகக் கப்பலேற்றினர். 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பலில் பினாங்குக்கு ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். நோய்த் தடுப்புக்காகப் பலர் ஜெரெஜாக் தீவில் நிறுத்திவைக்கப்பட்டனர். 1938இல் இந்திய அரசு கூலிகளை ஆள்பிடித்து அனுப்புவதைத் தடை செய்தது. கங்காணி முறையும் அதோடு முடிந்தது.

வேலை

விடியுமுன் பெரட்டு என்னும் ஆஜர் அழைப்பு. மேற்பார்வையாளரான தண்டல் பெயர் கூப்பிட, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவரவர் நிரைக்கு, அதாவது மரவரிசைக்கு, போக வேண்டும். ஆளுக்கு முந்நூறு மரத்துக்கு மேல். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால்தான் இத்தனை அவசரம். முதலில் பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் போடுவார்கள். பிறகு கத்தியால் பட்டையைச் சாய்வாக, மெல்லிய சீவலாக எடுப்பார்கள். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடிப் பட்டைக்கு உள்ளே இருக்கும் மரத்தில் காயம் பட்டால், பட்டை மறுபடி வளரும்போது முடிச்சு விழுந்து அந்தப் பக்கத்தில் வெட்டவே முடியாமல் போகும். தண்டலின் திட்டு பெரும்பாலும் இதற்குத்தான் விழும். கடைசி மரம் முடிந்ததும் பால் வடிந்த மங்குகளிலிருந்து அதை வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பில் தோளேற்றி ஸ்டோருக்குச் சுமப்பார்கள். அங்கே எழுத்தரான கிராணி அளந்து பதிவார். பிறகு அமிலம் சேர்த்து உறைய வைத்து, உருளையில் தகடாக்கிப் புகைக்கூடத்தில் உலர்த்துவார்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை. அன்றைய கூலியும் இல்லை.

பெண்களும் இதே நிரையில் இதே வேலையைச் செய்தனர். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு இருட்டில் போய், திரும்பி வந்து அடுப்பும் பற்றவைத்தனர். அப்படியிருந்தும் 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கிய வட்டாரங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை சரிந்தபோது இதுவும் குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

லயமும் கள்ளும்

தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்தனர். லயங்களுக்கு அருகே மாரியம்மன் அல்லது முனீஸ்வரர் கோயில்கள் எழுந்தன. தோட்டப் பள்ளி சட்டப்படி நடத்தப்பட்டது. ஆனால் அது பிள்ளைகளைப் பால்காட்டுக்கு அப்பால் கொண்டுபோகும் அளவுக்கு நடத்தப்பட்டதாகச் சொல்ல முடியாது. சம்பளத்தில் ஒரு பங்கு கள்ளுக்கடைக்குப் போனது. போருக்குப் பின் கெடாவில் தோன்றிய தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது. 1947இல் பீடோங் வட்டாரத்தில் அந்த எதிர்ப்பு காவல்துறையுடன் மோதலாக முற்றியது. இதை மதுவிலக்குப் போராட்டம் என்று மட்டும் படிப்பது குறைவான வாசிப்பு. தோட்ட நிர்வாகத்துக்குத் தொழிலாளர் ஒன்றுசேர்ந்து மறுப்புச் சொல்லப் பழகியது இதில்தான். கள்ளைவிடக் கொடியது சம்சு என்னும் மலிவுச் சாராயம். 1981இல் லூனாஸில் நச்சுச் சாராயம் குடித்துப் பலர் இறந்தனர். லூனாஸில் பிறந்த எழுத்தாளர் ம. நவீன், ‘பேய்ச்சி’ (2019) நாவலில் இதைக் கையாண்டார். 2020இல் மலேசிய அரசு அந்நாவலைத் தடை செய்தது.

போரும் சிதறலும்

ஜப்பானியர் ஆட்சியில் (1942–45) தோட்டத் தமிழர் பெருந்தொகையாகச் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டனர், பலர் திரும்பவில்லை. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, லயத்துக் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. இதற்கு எதிராக 1960இல் அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். மாதாமாதம் கட்டிய சிறு தொகையால் தொழிலாளர் தோட்டத்துக்குப் பங்குதாரரான அருமையான முயற்சி இது. ஆனாலும் சிதறலின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை உரிமம் கட்டாயமாக, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த அத்தகையோர் பலர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். அவர்களில் மலாயாவிலேயே பிறந்தவர்களும் உண்டு.

ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை வந்தது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் ஆலை பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள். முன்னோரைத் தேடுவோர்க்கு முதலில் உதவுவது பிறப்பு, இறப்புப் பத்திரங்களில் உள்ள தோட்டத்தின் பெயர். அடுத்தது தோட்டப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. ரயில் பாதையில் இறந்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் இல்லை.