ஓஎஸ்/360 மென்பொருள் திட்டம்

ஓஎஸ்/360 என்பது ஐபிஎம் நிறுவனம் தனது சிஸ்டம்/360 கணினிக் குடும்பத்துக்காக 1960களின் நடுப்பகுதியில் உருவாக்கிய இயக்குதளம் ஆகும். அக்காலம் வரை எழுதப்பட்ட மிகப் பெரிய மென்பொருள்களுள் இதுவும் ஒன்று. இது குறித்த நாளில் முடியவில்லை. திட்டமிட்டதைவிடக் கூடுதல் நினைவகத்தை எடுத்துக்கொண்டது. செலவு முதல் மதிப்பீட்டைப்போலப் பல மடங்கு ஆனது. முதல் வெளியீட்டுக்குப் பின் மேலும் சில வெளியீடுகள் வந்த பிறகே ஏற்கத்தக்க வேகத்தில் இயங்கியது.

இப்படித் தடம் புரண்ட திட்டங்கள் கணினித் துறையில் ஏராளம். அவற்றுள் பெரும்பாலானவை மறக்கப்பட்டுவிட்டன. இத்திட்டம் மறக்கப்படாமைக்குக் காரணம், அதற்குப் பொறுப்பாக இருந்த பிரெடரிக் புரூக்ஸ் (1931-2022), எதைத் தீர்மானித்தோம், எங்கே தவறினோம் என்பதைப் பின்னர் ஒரு நூலாக எழுதியதே. 1975இல் வெளிவந்த 'த மித்திக்கல் மேன்-மந்த்' என்னும் அந்நூல் மென்பொருள் பொறியியலில் மிகுதியாகப் படிக்கப்படும் நூல்களுள் ஒன்றாகும்.

பின்னணி

1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் சிஸ்டம்/360 கணினிகளை அறிவித்தது. அதற்கு முன் அந்நிறுவனம் விற்ற கணினி வகைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. ஒன்றுக்காக எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. புதிய குடும்பத்தில் சிறிய கணினி முதல் பெரிய கணினி வரை எல்லாம் ஒரே ஆணைத்தொகுதியைக் கொண்டிருக்கும் என ஐபிஎம் உறுதி கூறியது. கட்டமைப்பை வடிவமைத்தவர்களுள் ஜீன் அம்டால், கெரிட் பிளாவ், புரூக்ஸ் ஆகியோர் முதன்மையானவர்கள். முழு முயற்சிக்கும் சுமார் 500 கோடி அமெரிக்க டாலர் செலவாகும் என 1966இல் 'பார்ச்சூன்' இதழ் எழுதியது. பழைய வகைகளைக் கைவிட்டு ஒரே குடும்பத்தின் மேல் நிறுவனத்தின் எதிர்காலமே வைக்கப்பட்டிருந்தது.

வன்பொருள் 1965இல் வாடிக்கையாளர்களைச் சென்றடையத் தொடங்கியது. இயக்குதளம் அவ்வாறு வரவில்லை. எல்லா அளவுக் கணினிகளுக்கும் ஒரே இயக்குதளம் என்ற முதல் எண்ணமும் நிறைவேறவில்லை. நினைவகம் குறைந்த கணினிகளில் ஓஎஸ்/360 அடங்காது என்பது தெரிந்தபின், அவற்றுக்கென டாஸ்/360 போன்ற எளிய மாற்று இயக்குதளங்கள் அவசரமாக எழுதப்பட்டன. இடைக்கால ஏற்பாடாகக் கருதப்பட்ட டாஸ்/360, பின்னர் மிகப் பரவலாகப் பயன்பட்டது.

ஓஎஸ்/360இன் முதல் வடிவம் 1966இல் வெளிவந்தது. ஒரே நேரத்தில் ஒரு வேலையை மட்டும் இயக்கக்கூடியதாக அது இருந்தது. பல வேலைகளை நெகிழ்வாகக் கையாளும் எம்விடி என்னும் வடிவம் 1967இல் வந்தது. 1963 முதல் 1966 வரை வடிவமைப்பு, நிரலாக்கம், ஆவணமாக்கம் ஆகியவற்றுக்காகச் சுமார் 5000 ஆள்-ஆண்டுகள் செலவிடப்பட்டதாகப் புரூக்ஸ் கணக்கிடுகிறார். உச்சக் கட்டத்தில் 1000 பேருக்கு மேல் இதில் பணியாற்றினர்.

புரூக்ஸ் முதலில் சிஸ்டம்/360 வன்பொருளின் திட்ட மேலாளராக இருந்து, பின்னர் 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் ஓஎஸ்/360ஐ மேற்பார்த்தார். அதன்பின் வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில், தாம் நிறுவிய கணினி அறிவியல் துறைக்குச் சென்றார். மென்பொருள் திட்டத்தை மேலாண்மை செய்வது வன்பொருளைவிட ஏன் கடினமாக இருக்கிறது என்பது ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சன் (இளையவர்) அவரிடம் எழுப்பிய கேள்வி. சுமார் பத்தாண்டுகள் கழித்து வந்த நூல் அக்கேள்விக்கான பதிலே.

பத்துப் பேரும் நூற்றைம்பது பேரும்

நூலில் சொல்லப்படும் தவறுகளுள் விலை மிகுந்தது இது. இயக்குதளம் வெளியே எப்படித் தோன்றவேண்டும், என்னென்ன செய்யவேண்டும் என்பதை விளக்கும் விவரக்குறிப்பை யார் எழுதுவது என்ற கேள்வி எழுந்தது. கட்டமைப்புக் குழுவில் தேர்ந்த 10 பேர் இருந்தனர். தமக்கு 10 மாதங்கள் வேண்டும் என்றார் அதன் மேலாளர். அட்டவணையில் இருந்ததோ 7 மாதங்கள் மட்டுமே. கட்டுப்பாட்டு நிரல் குழுவில் 150 பேர் இருந்தனர். கட்டமைப்புக் குழுவின் துணையோடு தம் குழுவே 7 மாதங்களில் எழுதிவிடும் என்றும், இல்லையேல் அத்தனை பேரும் அதுவரை வேலையின்றி இருக்க நேரும் என்றும் அக்குழுவின் மேலாளர் கூறினார். அதற்குக் கட்டமைப்பு மேலாளர், பணியை அவர்களிடம் கொடுத்தாலும் அதே மூன்று மாதத் தாமதம் வரும், தரமும் குறையும் என எச்சரித்தார்.

புரூக்ஸ் பணியை 150 பேரிடம் கொடுத்தார். மூன்று மாதத் தாமதம், தரக்குறைவு என்ற இரண்டும் சொன்னபடியே நிகழ்ந்தன. பலர் பலவாறு எழுதிய விவரக்குறிப்பில் ஒருமைப்பாடு இல்லாமற்போனதால், வழு நீக்கும் காலம் மட்டும் ஓராண்டு கூடியதென்று புரூக்ஸ் மதிப்பிடுகிறார். மூன்று மாதத்தைக் காக்கச் செய்த முடிவு, அந்த மூன்று மாதத்தையும் காக்காமல், மேலும் ஓராண்டைத் தின்றது.

அன்றைய நிலையில் அம்முடிவு அறிவற்றது அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். 150 பேருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டு அவர்களைக் காத்திருக்கச் செய்ய எந்த மேலாளருக்கும் தயக்கம் இருக்கும். அட்டவணையோடு பொருந்திய விடை ஒன்றே இருந்தது, அது தேர்ந்தெடுக்கப்பட்டது. இதிலிருந்து புரூக்ஸ் எடுத்த முடிவு, ஒரு மென்பொருளின் வடிவமைப்பு ஒருவர் அல்லது மிகச் சிலரின் சிந்தனையிலிருந்து வரவேண்டும் என்பது. இதனை அவர் கருத்தொருமை எனக் குறிப்பிட்டு, மென்பொருள் வடிவமைப்பின் முதன்மைப் பண்பாக வைக்கிறார்.

ஆயினும் சில தேர்ந்தவர்களால் மட்டும் பெரிய மென்பொருளை முடித்துவிட முடியாது. 5000 ஆள்-ஆண்டு வேலையை 200 பேரிடம் கொடுத்தால் 25 ஆண்டுகள் ஆகும். அதற்குள் அந்தக் கணினியே வழக்கொழிந்திருக்கும். சிறு குழுவின் கூர்மையும் பெருங்குழுவின் வேகமும் ஒரே திட்டத்தில் எப்படிக் கிடைக்கும் என்பது நூல் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் சிக்கல் ஆகும்.

நினைவக அளவும் வட்டு அணுக்கமும்

ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு முதன்மை நினைவகம் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்குத் திட்டத்தின் தொடக்கத்திலேயே வரம்பு விதிக்கப்பட்டது. அன்று நினைவகம் மிக விலையுயர்ந்தது என்பதால் இது இன்றியமையாதது. ஆனால் எத்தனை முறை வட்டிலிருந்து படிக்கலாம் என்பதற்கு வரம்பு எதுவும் இல்லை. வரம்பை மீறிய நிரலாளர்கள் தம் நிரலைத் துண்டுகளாக்கி வட்டில் வைத்து, வேண்டும்போது நினைவகத்துக்குக் கொண்டுவந்தனர். ஒவ்வொருவரும் தம் வரம்புக்குள் நின்றனர். மொத்த அமைப்பு மெதுவானது.

இது எந்த அளவுக்குச் சென்றது என்பது செயல்திறனைப் போலச் செய்து பார்க்கும் ஒரு சோதனையில் தெரியவந்தது. காந்த உருளைகள் இணைத்த மாடல் 65 கணினியில், போர்ட்ரான் எச் தொகுப்பி நிமிடத்துக்கு 5 கூற்றுகளை மட்டுமே தொகுக்கும் என அச்சோதனை காட்டியது. கட்டுப்பாட்டு நிரலின் கூறுகள் அளவின்றி வட்டை அணுகியதே காரணம்.

மற்றொரு பழக்கமும் வளர்ந்தது. இட நெருக்கடியில் இருந்த குழு, தன் நிரலில் எதை அடுத்த குழுவின் இடத்துக்குத் தள்ளிவிடலாம் என்று தேடியது. இட அளவு வரையறுக்கப்பட்டிருந்ததே தவிர, எந்தப் பகுதி எந்தப் பணியைச் செய்யவேண்டும் என்பது அதே துல்லியத்துடன் வரையறுக்கப்படவில்லை. எது அளக்கப்பட்டதோ அது மட்டும் சீராக இருந்தது.

எதிர்த்திசையில் ஒரு சிறு எடுத்துக்காட்டும் நூலில் உண்டு. லீப் ஆண்டின் டிசம்பர் 31, ஆண்டின் 366ஆம் நாள் ஆகும். அந்த ஒரு நாளைச் சரியாகக் கையாள்வதற்காக, நினைவகத்தில் நிலையாகத் தங்கும் பகுதியில் 26 பைட்டுகள் ஒதுக்கப்பட்டன. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கணினி இயக்குநர் கையால் செய்துவிடக்கூடிய வேலை அது. முதல் அமைப்பில் அடக்கமாக இருந்த வடிவமைப்பாளர், இரண்டாவதில் அதுவரை ஒத்திப்போட்ட அலங்காரங்களையெல்லாம் சேர்த்துவிடுவார் என்னும் போக்கைப் புரூக்ஸ் இரண்டாம் அமைப்பு விளைவு என அழைத்தார்.

புரூக்சின் விதி

தாமதமாகிவிட்ட மென்பொருள் திட்டத்தில் புதிதாக ஆட்களைச் சேர்த்தால் தாமதம் கூடும் என்பது புரூக்சின் விதி எனப்படுகிறது. ஆளும் மாதமும் ஒன்றுக்கொன்று மாற்றாக அமையக்கூடியவை என்ற எண்ணத்தை இவ்விதி மறுக்கிறது. களையெடுப்பதற்குப் பத்துப் பேருக்குப் பதில் இருபது பேர் வந்தால் பாதி நாளில் முடியும். களையெடுப்பவர்கள் தமக்குள் பேசி முடிவெடுக்க வேண்டிய தேவை குறைவு. மென்பொருளில் அத்தேவை மிகுதி.

ஓர் எளிய கணக்கால் இதனை விளக்கலாம். 6 பேர் கொண்ட குழுவுக்கு, கெடு நாள் வந்தபின்னும் 6 ஆள்-மாத வேலை மீந்துள்ளது எனக் கொள்வோம். அப்படியே விட்டால் ஒரு மாதத்தில் முடியும். விரைவுபடுத்த 3 பேர் சேர்க்கப்படுகிறார்கள். அவர்கள் பழக ஒரு மாதம் ஆகிறது. பழையவர்களில் 3 பேர் தம் பாதி நேரத்தை அவர்களுக்குக் கற்பிப்பதில் செலவிடுகிறார்கள். மாத இறுதியில் முடிந்த வேலை 4.5 ஆள்-மாதம், மீதம் 1.5. ஆள் சேர்க்காமல் இருந்திருந்தால் அன்று வேலை முடிந்திருக்கும். 9 பேரும் முழுமூச்சாகச் செய்தாலும் இன்னும் ஐந்து நாட்கள் தேவை. இதற்கிடையே, இருவர் இருவராகப் பேசிக்கொள்ள வேண்டிய இணைகள் 15இலிருந்து 36 ஆகிவிட்டன. வேலையைப் புதிதாகப் பிரித்துக்கொடுக்கும் நேரமும் கணக்கில் சேரவில்லை.

இதே கணக்கில் மீந்துள்ள வேலை 6க்குப் பதில் 60 ஆள்-மாதமாக இருந்தால், ஆள் சேர்ப்பது பயன் தரும். விதி பெரிதும் எளிமைப்படுத்தப்பட்ட ஒன்று எனப் புரூக்சே கூறியுள்ளார். ஆள் சேர்ப்பதால் செலவு எப்போதும் கூடுகிறது, ஆனால் தாமதம் எப்போதும் கூடுவதில்லை என அப்தெல்-ஹமீது, மாட்னிக் ஆகியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தொடக்கத்திலேயே சேர்ப்பதும் கெடு நெருங்கும்போது சேர்ப்பதும் வேறு. விதியை மேற்கோள் காட்டுவோர் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்.

தாமதம் தெரியவரும் விதம்

காலத்தைப் பகிர்வதற்குப் புரூக்ஸ் ஒரு நடைமுறை அளவைத் தருகிறார்: திட்டமிடலுக்கு மூன்றில் ஒரு பங்கு, நிரல் எழுத ஆறில் ஒரு பங்கு, பகுதிகளைச் சோதிக்கக் கால் பங்கு, முழு அமைப்பையும் சோதிக்க மற்றொரு கால் பங்கு. பாதிக் காலம் சோதனைக்கே போகிறது. வழக்கமான அட்டவணைகளில் அவ்வளவு இருப்பதில்லை. சோதனை இறுதியில் வருவதால், பற்றாக்குறையும் இறுதியில்தான், ஒப்படைக்கும் நாள் நெருங்கியபின், வெளிப்படுகிறது.

பெரிய தாமதங்கள் பெரும்பாலும் பெரிய விபத்துகளால் வருவதில்லை. இயந்திரம் ஒருநாள் பழுது, ஒருவர் நோய்வாய்ப்படுதல், ஒரு கூட்டம் தள்ளிப்போதல் என ஒவ்வொரு நாளாகச் சேர்ந்தே ஓராண்டு ஆகிறது. ஆகவே மைல்கற்கள் ஐயத்துக்கிடமின்றி இருக்கவேண்டும். 'நிரல் 90 விழுக்காடு முடிந்தது' என்பது மைல்கல் ஆகாது. 'சோதனைகள் அனைத்திலும் தேறியது' என்பது ஆகும். குறைவாக மதிப்பிடப்பட்ட வேலைகளின் மதிப்பீடு, முடிக்கவேண்டிய நாளுக்குச் சுமார் மூன்று வாரங்கள் இருக்கும் வரை திருத்தப்படுவதில்லை என்று காட்டும் ஓர் ஆய்வையும் நூல் எடுத்துக்காட்டுகிறது. தாமதத்தை மேலே சொன்னால் மேலாளர் உடனே தலையிடுவார் என்ற அச்சம் இதற்கு ஒரு காரணம். எனவே, நிலையை அறிவதற்கான கூட்டத்தில் மேலாளர் நடவடிக்கை எடுக்காமல் இருக்கப் பழகவேண்டும் என்கிறார் புரூக்ஸ்.

திருத்திக்கொண்ட கருத்துகள்

ஓஎஸ்/360 திட்டத்தில் எல்லா ஆவணங்களும் ஒவ்வொரு நிரலாளருக்கும் கொடுக்கப்பட்டன. ஆறு மாதங்களில் அந்தப் பணிக்குறிப்பேடு சுமார் 5 அடி தடிமன் ஆயிற்று. நாள்தோறும் மாற்றவேண்டிய பக்கங்கள் மட்டும் சராசரியாக 150. பின்னர் நுண்படத் தகடுகளுக்கு மாறினார்கள். இதற்கு நேர்மாறாக, ஒவ்வொரு கூறும் தன் உள்ளமைப்பை மற்றவற்றிடமிருந்து மறைக்கவேண்டும் என்ற கருத்தை டேவிட் பார்னாஸ் 1970களின் தொடக்கத்தில் முன்வைத்தார். 1975 நூலில் புரூக்ஸ் அதனை ஏற்கவில்லை. 1995இல் வந்த இருபதாம் ஆண்டுப் பதிப்பில், பார்னாஸ் கூறியதே சரி, தாம் கூறியது தவறு என வெளிப்படையாக எழுதினார்.

முதலில் செய்வதைத் தூக்கியெறியத் திட்டமிடுங்கள் என்ற அறிவுரையையும் அவர் அதே பதிப்பில் திருத்தினார். எல்லாக் கட்டங்களும் அருவிபோல் ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்ற பழைய எண்ணம் அதற்குள் ஒளிந்திருந்தது என்றும், சிறிதாக இயங்கும் ஒன்றைப் படிப்படியாக வளர்ப்பதே மேல் என்றும் விளக்கினார். புரூக்சுக்கு 1999ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது வழங்கப்பட்டது.

வெளியீட்டுக்குப் பின்

ஓஎஸ்/360இன் அடுத்தடுத்த வெளியீடுகளை லேமனும் பெலாடியும் ஆராய்ந்தனர். கூறுகளின் எண்ணிக்கை வெளியீட்டு எண்ணோடு நேர்விகிதத்தில் கூட, ஒவ்வொரு வெளியீட்டிலும் மாற்றத்துக்கு உள்ளாகும் கூறுகளின் எண்ணிக்கை அடுக்குமுறையில் கூடியதை அவர்கள் கண்டனர். மென்பொருள் படிவளர்ச்சி என்னும் ஆய்வுப் பிரிவு இதிலிருந்து வளர்ந்தது. பெரிய மென்பொருள் திட்டங்களின் தடுமாற்றம் 1968இல் செருமனியின் கார்மிசில் நடந்த நேட்டோ மாநாட்டிலும் முதன்மைப் பேச்சாக இருந்தது. மென்பொருள் பொறியியல் என்னும் சொல் பரவியது அம்மாநாட்டால்தான்.

இத்தனைக்குப் பின்னும் ஓஎஸ்/360 கைவிடப்படவில்லை. எம்விடி வடிவத்திலிருந்து எம்விஎஸ் வந்தது. அதன் வழித்தோன்றலான இசட்/ஓஎஸ் இன்றும் ஐபிஎம் பெருங்கணினிகளில் இயங்குகிறது. அக்கணினிகளில் வேலையை ஒப்படைக்கப் பயன்படும் ஜேசிஎல் மொழியும் ஓஎஸ்/360உடன் வந்ததே. உலகில் வடிவமைக்கப்பட்ட நிரல் மொழிகளுள் மிக மோசமானது அதுவே என்றும், அது தமது மேற்பார்வையில் உருவானது என்றும் புரூக்ஸ் பின்னாளில் கூறினார்.