காசநோயும் உடலின் உள்ளார்ந்த எதிர்ப்பாற்றலும்

காசநோய்க் கிருமியும், கிருமிகளை விழுங்கும் உயிரணுவின் பணியும் ஒரே ஆண்டில் அறியப்பட்டன. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அதே ஆண்டு இத்தாலியின் மெசினாவில் இல்யா மெச்னிக்கோவ், நட்சத்திர மீனின் இளவுயிரியில் முள்ளைச் செருகினார். நகரும் உயிரணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்துகொண்டதைக் கண்டார். உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளை விழுங்கும் உயிரணுக்கள் உண்டு என்ற அவரது கொள்கை இதிலிருந்து வளர்ந்தது. 1908-ல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உடலின் முதல் அரண்

பிறவியிலேயே அமைந்த இந்தப் பாதுகாப்பு உள்ளார்ந்த எதிர்ப்பாற்றல் எனப்படும். தோல், சளி, மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் ஆகியவை கிருமியைத் தடுக்கின்றன. அவற்றைத் தாண்டி நுரையீரலின் காற்று நுண்ணறைகளை அடையும் கிருமியைப் பெருவிழுங்கணுக்கள் விழுங்குகின்றன. ஆனால் காசநோய்க் கிருமி விழுங்கப்பட்ட பின்னும் சாகாமல் அவ்வுயிரணுவுக்குள்ளேயே தங்கிப் பெருக வல்லது. பின்னர்ச் செயல்படத் தொடங்கும் பிற எதிர்ப்பணுக்களும் சேர்ந்து அதைச் சுற்றி வளைத்து அடைத்து வைக்கின்றன. எனவே தொற்று ஏற்பட்டவர்களுள் 5 முதல் 10 விழுக்காட்டினரே வாழ்நாளில் நோயாளியாகின்றனர்.

சானடோரியமும் மருந்தும்

1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்படும் வரை காசநோய்க்குப் பயனுள்ள மருந்தில்லை. ஓய்வு, தூய காற்று, சத்துணவு ஆகியவற்றால் உடலின் எதிர்ப்பாற்றலை வலுப்படுத்துவதே சிகிச்சையாக இருந்தது. இந்நோக்கில் 1928-ல் மருத்துவர் டேவிட் சவுரிமுத்து தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற ரயில் நிலையப் பெயர் அதன் நினைவாக நிற்கிறது.

1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அங்கு நடந்த ஆய்வில் 193 நோயாளிகளுக்கு ஓராண்டு ஒரே மருந்துகள் தரப்பட்டன. ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மற்றவர் தம் வீட்டிலும் இருந்தனர். வீட்டிலிருந்தோருக்கு உணவும் ஓய்வும் குறைவு. எனினும் இரு பிரிவினரின் குணமும் ஏறத்தாழ ஒத்திருந்தது. வீட்டாருக்குத் தொற்று கூடவுமில்லை. 1959-ல் வெளியான இம்முடிவு, உலகெங்கும் வீட்டுச் சிகிச்சைக்கு வழிவகுத்தது.

உணவின் இடம்

நோயைக் குணப்படுத்த மருந்து போதும் என்பதால் உணவு தேவையில்லை என்று ஆகிவிடாது. நோய் வராமல் காப்பது உடலின் எதிர்ப்பாற்றலே; பட்டினி அதைத் தளர்த்துகிறது. ஜார்க்கண்டில் நோயாளிகளின் வீட்டாருக்குக் கூடுதல் உணவு வழங்கி நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது.