பிசகும் தொனியும்

கருவியின் கோளாறு எப்போது அதன் மொழியாகிறது என்பதற்கு எலெக்ட்ரிக் கிதாரின் சரித்திரம் நல்ல உதாரணம். 1951இல் மெம்ஃபிஸில் ஸாம் ஃபிலிப்ஸின் ஸ்டுடியோவில் 'ராக்கெட் 88' பதிவானபோது வில்லி கிஸார்ட்டின் ஆம்ப்ளிஃபையர் வழியில் அடிபட்டு வந்திருந்தது. ஸ்பீக்கர் கூம்பில் காகிதத்தைத் திணித்து வாசித்தார்கள். ஃபிலிப்ஸ் அந்தக் கரகரப்பை அப்படியே இசைத்தட்டில் விட்டார். பின்னர் நாஷ்வில்லில் கிராடி மார்ட்டினின் ஆறு தந்தி பேஸ் கிதாரை ஒலிப்பதிவு மேஜையின் பழுதான சானல் ஒன்று உருக்குலைத்தது. என்ஜினியர் கிளென் ஸ்னாடி, ரெவிஸ் ஹாப்ஸுடன் சேர்ந்து, அந்தப் பழுதைப் பிரதி செய்ய டிரான்ஸிஸ்டர் சுற்று ஒன்றை அமைத்தார். 1962இல் கிப்ஸன் கம்பெனி அதைக் காலால் மிதிக்கும் பெட்டியாக, 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்று விற்றது. பதினோரு வருஷத்தில் விபத்து சரக்காகிவிட்டது.

வால்வின் விஷயம் வேறு. 12ஏஎக்ஸ்7 போன்ற வால்வுக்குள் அது தாங்குவதற்கு மேல் சமிக்ஞை போனால், அலையின் உச்சி சட்டென்று வெட்டுப்படுவதில்லை, படிப்படியாகத் தட்டையாகிறது. மூலஸ்வரத்துடன் அனுஸ்வரங்கள் சேர்கின்றன. விரல் மெல்லப் பட்டால் தெளிவு, அழுந்தினால் உடைவு. இதற்கு அன்று பெருஞ்சத்தம் தேவைப்பட்டது. 1966இல் ஜான் மேயாலின் 'ப்ளூஸ் பிரேக்கர்ஸ்' தட்டுக்கு எரிக் கிளாப்டன் மார்ஷல் ஆம்ப்ளிஃபையரை மேடைச் சத்தத்திலேயே வைத்து வாசித்தார். எழுபதுகளில் ராண்டல் ஸ்மித்தின் 'பூகி' ஆம்ப்ளிஃபையர்கள் கெயினையும் மாஸ்டர் வால்யூமையும் தனித்தனிக் குமிழ்களாக்கின. சத்தமில்லாமலும் உடைய முடிந்தது. பி.கே. பட்லரின் 'ட்யூப் டிரைவர்' வால்வையே பெடலுக்குள் கொண்டுவந்தது.

இன்று வால்வு ப்ரீஆம்ப் பெடலோடு உட்காருகிறவன், கெயினைக் கீழிருந்து ஏற்றி, அழுத்தி மீட்டினால் உடைந்து, மெல்ல மீட்டினால் தெளிகிற இடத்தில் நிறுத்தவேண்டும். பேஸ் கூடினால் எல்லாம் குழம்பும். நடு ஸ்தாயியைக் குறைத்த ஒலி தனியறையில் கம்பீரமாக இருக்கும். டிரம்ஸோடு சேர்ந்ததும் காணாமற்போகும். கெயினை முழுக்கத் திருப்பினால் மெல்லிய மீட்டும் வலிய மீட்டும் ஒரே உரப்பில் கேட்கும். வாசிப்பவன் யாரென்று தெரியாது.

எனக்கு இங்கே நம் கவிதை ஞாபகம் வருகிறது. வரியை உடைப்பது ஒரு காலத்தில் நிர்ப்பந்தத்தில் நேர்ந்தது. இன்று பல கவிதைகளில் அது வாங்கிவந்த பெட்டியின் ஒலி. பேரை மறைத்துவிட்டுப் படித்தால் யார் எழுதியதென்று சொல்ல முடியவில்லை. தொனி என்ற சொல்லை நாம் சமஸ்கிருத த்வனியிலிருந்து பெற்றோம். ஆனந்தவர்த்தனரிடம் சொல்லின் பின்னால் உணரப்படுவது அது. அழுத்தத்தில் வித்தியாசமே இல்லாத வரியில் உணர எதுவும் மிஞ்சுவதில்லை. நம்மவர்கள் கெயினைச் சற்றுக் குறைத்துப் பார்க்கலாம்.