ஸ்பேனர் யார் கையில்?

குளுவாங்கிலிருந்து லாபிஸ் வரைக்கும் உள்சாலையில் போனால், செம்பனைக் காட்டிலிருந்து செம்மண் புழுதியோடு வெளியே வரும் வண்டிகளைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். பாதிக்கு மேல் பழசு. 1990களின் டொயோட்டா ஹைலக்ஸ், இசூசு, நிசான். கதவில் பெயின்ட் உரிந்திருக்கும். பின்தட்டு துருப்பிடித்து, மேலே இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்திருக்கும். இன்ஜின் மட்டும் 'கடகட'வென்று நிதானமாக ஓடிக்கொண்டிருக்கும்.

புதுசு வாங்கக் காசில்லை என்பதுதான் உடனே தோன்றும் காரணம். அது பலருக்கு உண்மையும்கூட. ஆனால், வீட்டு முன்னால் புது நான்கு கதவு பிக்-அப் நிற்க, பின்னால் கிடக்கும் பழைய வண்டியை எவ்வளவு விலை கேட்டாலும் கொடுக்காத ஆட்களும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களை விலைக் கணக்கு மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும்.

முதல் விஷயம், கித்தாவுக்கும் செம்பனைக்கும் உள்ள வித்தியாசம். ரப்பர் காலத்தில் சிறுதோட்டக்காரருக்கு வண்டி அவசியமில்லை. பாலை வாளியில் எடுத்து, காண்டாக் கம்பில் சுமந்து வரலாம். ஷீட் அடித்துக் காயவைத்து சைக்கிளில் கட்டிக்கொண்டு கடைக்குப் போகலாம். நாளைக்குப் போனாலும் ஷீட் கெட்டுப்போகாது. செம்பனை அப்படியில்லை. ஒரு குலையே 10 முதல் 25 கிலோ இருக்கும். வெட்டிய நிமிடத்திலிருந்து பழத்தில் அமிலம் ஏறத் தொடங்கும். 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் எண்ணெயின் தரம் இறங்கும். 1960களின் தொடக்கத்தில் கூலாய்க்குப் பக்கத்தில் தாயிப் அண்டாக் குடியேற்றத்தில் ஃபெல்டா தன் முதல் செம்பனைத் திட்டத்தை ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஜொகூர் மெல்ல மெல்லக் கித்தாவிலிருந்து செம்பனைக்கு மாறியது. சைக்கிள் போதாமல் போனது அப்போதுதான். மழை பெய்தாலும் வண்டி ஓடியாக வேண்டும், இல்லையென்றால் அன்றைய உழைப்பு காட்டு ஓரத்திலேயே கிடந்து அழுகும்.

இரண்டாவது, அந்த வண்டி யாருடையது என்ற கேள்வி. தோட்டத்தில் வண்டி என்றால் அது துரையின் வண்டி. 1948இல் லேண்ட் ரோவர் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்டு கொரில்லாக்களின் நடமாட்டம் அதிகமிருந்த மாநிலங்களில் ஜொகூரும் ஒன்று. 1950இல் பிரிக்ஸ் திட்டம் இங்கிருந்துதான் தொடங்கப்பட்டது. தோட்ட நிர்வாகிகள் தங்கள் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டு வெளிக்காட்டுக்குப் போன காலம் அது. பால்மரத்துக்கு நடுவே வண்டிச் சத்தம் கேட்டால் அதிகாரம் வருகிறது என்று பொருள். தொழிலாளிக்குக் கிடைத்தது லோரியின் பின்தட்டில் நிற்கும் இடம்.

ஆனால் அந்த வண்டிகளை ஓட்டியதிலும், தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் கிரீஸ் படிந்த கையோடு பிரித்துப் பூட்டியதிலும் நம்முடைய ஆட்கள் நிறைய பேர் உண்டு. சொத்து கம்பெனியுடையது. தொழில் தெரிந்த கை இவர்களுடையது. லயத்து வீடு, தண்ணீர்க் குழாய், ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி என எல்லாமே வேலையோடு கட்டப்பட்டிருந்தன. வேலை போனால் வீடும் போகும். தோட்டத்தை விட்டு வெளியேறும்போது ஒருவர் தன்னோடு எடுத்துக்கொண்டு போகக்கூடியது கைத்தொழில் மட்டும்தான்.

வெளியேற்றமும் வந்தது. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கிய 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் கப்பலேறினார்கள் என்பது நம் வரலாற்றின் ஆறாத பக்கம். பிறகு வீடமைப்புத் திட்டங்களுக்காகவும் தொழிற்பேட்டைகளுக்காகவும் தோட்டங்கள் அழிந்தன. வெளியே வந்தவர்களில் சிலர் குத்தகைக்குக் குலை வெட்டினார்கள், சிலர் மற்றவர்களின் சிறுதோட்டங்களைப் பார்த்துக்கொண்டார்கள், சிலர் பழம் ஏற்றினார்கள். இந்தத் தொழில்களுக்கெல்லாம் வேண்டிய மூலதனம் ஒரு பிக்-அப். சொந்தப் பெயரில் நிலம் இல்லாத குடும்பத்தில், சொந்தப் பெயரில் பதிவான முதல் பெரிய பொருள் 'ஜே' எழுத்தில் தொடங்கும் நம்பர் பிளேட் கொண்ட ஒரு வண்டியாக இருந்திருக்கிறது. அப்பா போன பிறகும் அதை விற்க மனசு வராததற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

ஆனாலும் எளிய வண்டியாக இருந்துவிட்டால் மட்டும் மக்கள் விரும்பிவிடுவதில்லை. அதற்கும் ஜொகூரிலேயே சாட்சி இருக்கிறது. ஜொகூர் பாரு தம்போயில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஒரு பொருத்தும் ஆலை இருந்தது. 1970களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் வளரும் நாடுகளுக்கென்று ஒரு வண்டியை உருவாக்கியது. மடித்த தகரத்தால் ஆன உடம்பு, வாக்ஸ்ஹால் வீவாவின் பெட்ரோல் இன்ஜின். மலேசியாவில் அதற்கு 'ஹரிமாவ்' என்று பெயர், புலி என்று அர்த்தம். பெயரில் இருந்த பாய்ச்சல் விற்பனையில் இல்லை. இன்று அதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. 1968இல் ஜப்பானில் அறிமுகமான ஹைலக்ஸ் நிலைத்துவிட்டது. 'ஏழைக்கு இது போதும்' என்று செய்த பொருளுக்கும், நன்றாகச் செய்து அதோடு எளிமையாகவும் வைத்த பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குகிறவர் உடனே கண்டுபிடித்துவிடுகிறார் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அந்த எளிமை என்ன என்று பார்ப்போம். 1970களின் இறுதியில் ஹைலக்ஸுக்கு டீசல் இன்ஜின் வந்தது. அந்த வரிசையில் வந்த 2எல் (2,446 சிசி), 3எல் (2,779 சிசி) இன்ஜின்களைத்தான் போமன்கள் இன்றும் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். ஸ்பார்க் பிளக் கிடையாது, கார்புரேட்டர் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தினால் சூடாகும், அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பீய்ச்சும் வேலையை ஒரு மெக்கானிக்கல் பம்ப் பார்த்துக்கொள்ளும். பேட்டரி பலவீனமாகிவிட்டதா? நாலு பேர் தள்ளி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் எடுத்துக்கொள்ளும். டீசல் தீர்ந்து குழாயில் காற்று புகுந்துவிட்டதா? ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பைக் கட்டைவிரலால் பத்திருபது தடவை அமுக்கினால் போதும். ஃபில்டரில் தண்ணீர் இறங்கியிருந்தால் அடியில் உள்ள திருகைத் திறந்து வடித்துவிடலாம். எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டுகிற கோளாறுகள்.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை இரண்டு முறை வெள்ளம் அடித்தது. கோத்தா திங்கி, சிகாமட், குளுவாங், பத்து பகாட், மூவார் எங்கும் தண்ணீர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். பெட்ரோல் காரில் மின்பொறி நனைந்தால் அங்கேயே நின்றுவிடும். பழைய டீசலுக்கு மின்பொறியே இல்லை. காற்று இழுக்கும் வாய்க்குள் தண்ணீர் போகாதவரை ஓடும். இந்த வண்டிகள்மேல் இங்குள்ளவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை விளம்பரத்தில் வந்ததில்லை, இப்படிப்பட்ட தண்ணீரில் வந்தது. 2003இல் பிரிட்டனின் டாப் கியர் நிகழ்ச்சி ஒரு பழைய டீசல் ஹைலக்ஸைக் கடலில் மூழ்கடித்து, எரித்து, கட்டடத்தோடு சேர்த்து இடித்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து காட்டியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். குளுவாங்கில் அதைப் பார்த்து யாரும் வாயைப் பிளந்திருக்க மாட்டார்கள்.

2004இல் தாய்லாந்தில் புதுத் தலைமுறை ஹைலக்ஸ் வந்தபோது, அதோடு காமன்-ரயில் டீசலும் பரவலானது. டீசல் ஆயிரம் பார் அளவைத் தாண்டிய அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது, எவ்வளவு எப்போது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. வேகம் கூடியது, புகை குறைந்தது, டீசலும் மிச்சம். எல்லாம் நல்லதுதான். கூடவே இன்னொன்றும் நடந்தது. கோளாறு என்ன என்று கண்டுபிடிக்க ஒரு ஸ்கேனர் வேண்டும். இன்ஜெக்டர் போனால் கழற்றிப் பார்த்துச் சரிசெய்வது மரத்தடி போமனுக்கு முடியாது. பழுது பார்க்கும் அறிவு பட்டறையிலிருந்து நகர்ந்து கம்பெனியின் குளிரூட்டப்பட்ட கவுன்டருக்குப் போய்விட்டது. தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் கற்றுக்கொண்டு வெளியே வந்தவரின் பிள்ளைக்கு, வண்டி சொந்தம், அதன் மூளை கம்பெனியுடையது என்ற நிலை பழைய கதை மாதிரி இருக்காதா?

அரசின் பார்வையில் இந்த வண்டிகள் அவ்வப்போது தொந்தரவு. 2009 அக்டோபர் இறுதியில் அறிவித்த வாகனக் கொள்கையில், 15 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகள் சாலைவரி புதுப்பிக்கும்போது கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில வாரங்களுக்குள்ளேயே அது கைவிடப்பட்டது. பயன்படுத்திய உதிரிபாகங்களின் இறக்குமதிக்கும் அதே கொள்கை நாள் குறித்தது. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் வண்டிகளை விற்கும் 'ஆஃப் கட்' கடைகள் இன்னும் இருக்கின்றன. அவை இல்லாமல் பழைய வண்டி இல்லை. கடைசியாக 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து ஒரே இரவில் 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. தகுதி உள்ளவர்களுக்கு மாதம் 200 வெள்ளி உதவித்தொகை வந்தது. தினமும் பழம் ஏற்றுகிறவர் அந்த 200 வெள்ளி எத்தனை நாளைக்கு வரும் என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்.

அரசு சொல்வதில் நியாயம் இல்லாமலும் இல்லை. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. இந்த வண்டிகள் பலவற்றில் காற்றுப்பை கிடையாது. பின்தட்டில் ஆள் ஏற்றும் பழக்கம் வேறு. சூடேறி சிலிண்டர் ஹெட் வெடித்த கதையும், நேரத்துக்கு மாற்றாத டைமிங் பெல்ட் அறுந்து இன்ஜினையே தின்ற கதையும் உண்டு. அன்பு வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள், கேட்டால் சிரிப்பார்கள்.

1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. 2019 முதல் மலேசியாவில் வாகன டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து வருகிறது. காட்டிலிருந்து பழம் ஏற்றிப்போகும் பழைய வண்டி, அந்தப் பழத்தின் ஒரு பகுதியைத்தான் எரித்துக்கொண்டு போகிறது. இன்ஜினுக்கு இதெல்லாம் ஒத்துப்போகும், இன்னும் இருபது வருடம்கூட ஓடும்.

ஆள்தான் இருக்க மாட்டார்கள். ஜொகூரில் தொழில் தெரிந்த இளைஞன் விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போகிறான். அங்கே சம்பளம் மூன்று மடங்குக்கு மேல். அவனைக் குறை சொல்ல முடியாது. சத்தத்தை மட்டும் கேட்டே 'வால்வு டைட்டா இருக்கு, இப்பவே பார்த்துரு' என்று சொல்லும் போமன்களுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. அவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. எளிய வண்டி என்று நாம் சொல்கிறோமே, அந்த எளிமையில் பாதி இரும்பில் இருக்கிறது. மீதிப் பாதி அவர்கள் காதிலும் விரலிலும் இருக்கிறது.