குடியுரிமை

குடி + உரிமை. ‘குடி’ முதலில் வீடு, குடும்பம், குலம்; நாடு பிறகுதான். குடித்தனம், குடிபுகுதல், குடிக்கூலி எல்லாம் வீட்டு வாசலிலேயே நிற்கின்றன. திருக்குறளின் 96ஆம் அதிகாரமான ‘குடிமை’ பேசுவதும் நற்குடிப் பிறப்பையே. (மதுக்கடை வாசலில் ‘குடிமகன்’ என்றால் வேறு பொருள், அதை விடுவோம்.)

பிழைக்கப் போன நாட்டில் குடிபுகுந்தவர் அந்நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றால், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். ‘இரட்டைக் குடியுரிமை’ இங்கே இல்லை, இலங்கையில் உண்டு. 2005இல் வந்த ஓசிஐ (Overseas Citizen of India) அட்டையைச் சிலர் அப்படி அழைப்பது தவறு. அது நீண்டகால விசா போன்றது: வாக்குரிமை கிடையாது, விளைநிலம் வாங்க முடியாது. பெயரில்தான் ‘ஓசி’, கட்டணம் உண்டு.