தாமிரபரணிக் கழிமுக மீன்வளம்

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இக்கழிமுகத்தின் அலையாத்தி வேர்களுக்கிடையே மடவை, கொடுவா போன்ற மீன்கள் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. 1989இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தை ஒட்டிய கரை இது.

சிக்கல் மேலிருந்து வருகிறது. ஆற்றின் பழைய எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டிக் கோடையில் நன்னீர் அதிகம் இறங்குவதில்லை. கழிமுகத்தில் உப்பு ஏறுகிறது. வருகிற நீரிலும் நெல்லை நகரத்துச் சாக்கடை கலந்திருக்கிறது. மணல் கொள்ளையோ படுகையையே குடைந்தது. 2010இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை விதித்தது.

கழிமுகத்துக்கு வெகு மேலே, மலையடிவார நீரில், இந்த ஆற்றின் பெயரையே தாங்கிய கெண்டை ஒன்று வாழ்கிறது. 1950களில் மீனியலாளர் இ. ஜி. சைலஸ் விவரித்த அந்த இனம் இன்று அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது.

வந்தேறிகளும் உண்டு. ஆப்பிரிக்காவின் திலாப்பியா 1952இல் இந்தியாவுக்கு வந்து, ‘ஜிலேபிக் கெண்டை’ என்று செல்லப்பெயரும் பெற்று, குளங்களை நிறைத்துவிட்டது. வேடிக்கைதான்: மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில், நோக்குவே காயலில், அதன் உறவினங்கள் மண்ணின் மீன்கள்; அங்குள்ள மீனவர்கள் நீருக்குள் மரக்கிளைகளை நட்டு, அம்மீன்கள் அடைய இடம் செய்து பிடித்து வந்திருக்கிறார்கள்.